சிறையில் கற்கும் தோட்டக்கலை வெளியே சோறு போடுமா?

சிறைக்குள் தொழிற்பயிற்சி தருவது மலேசியாவுக்குப் புதிதல்ல. தச்சு வேலை, தையல், ரொட்டி தயாரிப்பு, சலவை எனப் பல பட்டறைகள் நம் சிறைகளில் இயங்கி வருகின்றன. கைதிகள் செய்யும் பொருள்கள் 'மைபிரைட்' என்ற பெயரில் விற்பனைக்கும் வருகின்றன. செடி வளர்த்தல், புல் வெட்டுதல், பூங்கா அமைத்தல் போன்ற வேலைகளையும் பலர் சிறையில் இருக்கும்போதே கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால், தண்டனை முடிந்து வெளியே வந்தவரிடம் அந்தத் தொழில் எத்தனை நாள் நிலைக்கிறது? இந்தக் கேள்வி நமக்கு முக்கியமானது. நாட்டின் சிறைகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிட அதிகம் என்பது நாடாளுமன்றத்திலும் பொது மேடைகளிலும் பலமுறை பேசப்பட்ட விஷயம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும், தோட்டத்திலிருந்து இடம் மாறி வந்து குடியேறிய அடுக்குமாடிகளிலும், இப்படி ஒரு பிள்ளையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கவே செய்கின்றன.

இந்தப் பயிற்சிக்கு யார் பணம் தருகிறார்கள், அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும், நம் இயக்கங்களும் ஆலயங்களும் குடும்பங்களும் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

ஏன் இந்த வேலை?

லேண்ட்ஸ்கேப் எனப்படும் நில அழகுபடுத்தும் வேலைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. எஸ்.பி.எம். முடிக்காதவரும் கற்கலாம். கற்றதன் பலன் உடனே கண்ணுக்குத் தெரியும். இன்று நட்ட செடி அடுத்த வாரம் துளிர்விட்டால், 'என்னாலும் ஒன்று முடியும்' என்ற நம்பிக்கை வரும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கான தேவையும் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரங்கள், அடுக்குமாடி வளாகங்கள், தொழிற்சாலைகள், பேரங்காடிகள், பள்ளித் திடல்கள் எல்லாவற்றிலும் புல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நம் நாட்டில் இந்த வேலைக்கு ஓய்வுக் காலமே கிடையாது.

நம்மவர்களுக்கு இது அந்நியமான தொழிலும் அல்ல. நாற்று மேடை போடுவது, ரப்பர் கன்றில் ஒட்டுக்கட்டுவது, களை எடுப்பது, உரம் வைப்பது எல்லாம் நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் செய்த வேலைகள். அன்று அது கங்காணியின் கீழ் நாள் கூலிக்குச் செய்த வேலை. இன்று அதே கைத்திறனுக்குச் சான்றிதழும் குத்தகையும் சொந்த நிறுவனமும் சாத்தியம்.

தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் உள்ள திறந்தவெளிச் சிறையிலும், புதுச்சேரியின் காலாப்பட்டு மத்திய சிறையிலும் கைதிகள் விவசாயம் செய்கிறார்கள். அங்கே வெளியே போகிறவருக்கு ஊரில் நிலமோ, விவசாயக் கூலி வேலையோ கிடைக்க வழி உண்டு. கோலாலம்பூரில் அப்படி இல்லை. இங்கே வேலை சாலையோரத்திலும் கட்டடங்களுக்கு நடுவிலும்தான் இருக்கிறது. அதனால்தான் காய்கறி பயிரிடுவதோடு நில அழகுபடுத்தும் வேலையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது உள்ள வழிகள்

நம் நாட்டுச் சிறைகள் 1995ஆம் ஆண்டு சிறைச்சாலைச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ஒழுங்குமுறைப் பழக்கம், குணநலன் வளர்ப்பு, தொழில் திறன், விடுதலைக்கு முந்தைய ஆயத்தம் எனக் கட்டம் கட்டமாக மறுவாழ்வுத் திட்டம் நடக்கிறது. தொழிற்பயிற்சி என்பது இதில் ஒரு கட்டம்.

சிறைச் சுவருக்கு வெளியே நடக்கும் திட்டங்களும் உண்டு. நம் மக்களில் பலருக்கு இவை தெரிவதில்லை.

முதலாவது, பரோல். 2008இல் சிறைச்சாலைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இது நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர், பாதித் தண்டனையை முடித்த பிறகு, பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே வாழ்ந்து வேலை செய்ய அனுமதி பெறலாம். சில கடுமையான குற்றங்களுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, இராணுவ முகாம்களில் நடத்தப்படும் சமூக மறுவாழ்வுத் திட்டம். 2011 முதல், சிறிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள் சிறையிலிருந்து முகாம்களுக்கு மாற்றப்பட்டு விவசாயம் உள்ளிட்ட வேலைகளில் பயிற்சி பெறுகிறார்கள்.

மூன்றாவது, சிறைத்துறை தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் 'கார்ப்பரேட் ஸ்மார்ட் இன்டர்ன்ஷிப்'. விடுதலைக்கு முன்பே நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் வாய்ப்பு இதில் கிடைக்கிறது.

நான்காவது, கட்டாய வருகை உத்தரவு. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குறுகிய காலச் சிறைத் தண்டனைக்கு உரிய ஒருவரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல், ஒரு நாளைக்கு 4 மணி நேரம் வரை, 3 மாதங்கள் வரை பொதுப் பணி செய்யச் சொல்லலாம். இந்த 3 மாதங்களும் வெறும் குப்பை கூட்டுவதில் முடிந்தால் அது தண்டனையோடு சரி. ஒரு பயிற்றுநரை அமர்த்தி, கத்தரிக்கும் முறை, நடும் முறை, இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தால் அதே மணி நேரம் பயிற்சியாகவும் ஆகிவிடும்.

சான் பிரான்சிஸ்கோ கற்ற பாடம்

இத்துறையில் உலகம் அறிந்த முன்னோடிகளில் ஒருவர் கேத்ரின் ஸ்னீட். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரச் சிறையில் ஆலோசகராகப் பணியாற்றிய இவர், 1980களில் சான் புருனோவில் உள்ள சிறை நிலத்தில் கைதிகளைக் கொண்டு காய்கறித் தோட்டம் போட்டார். அறுவடை ஏழைகளுக்கு உணவளிக்கும் இடங்களுக்குப் போனது. சிறைக்குள் திட்டம் வெற்றிதான்.

ஆனால், விடுதலையானவர்களில் பலர் மறுபடியும் சிறைக்கே திரும்பி வருவதை அவர் பார்த்தார். உள்ளே தோட்டம் இருந்தது. வெளியே வேலையும் இல்லை, போக நல்ல இடமும் இல்லை. எனவே 1992இல் 'கார்டன் புராஜெக்ட்' என்ற அமைப்பை நகருக்குள் தொடங்கினார். ஒரு ரொட்டி நிறுவனத்தின் பக்கத்தில் கிடந்த காலி நிலத்தில், விடுதலையானவர்கள் சம்பளத்துக்குத் தோட்ட வேலை செய்தார்கள். பெயர் பெற்ற உணவகம் ஒன்று அவர்களின் காய்கறிகளை வாங்கியது. பிறகு நகர நிர்வாகமே சாலையோர மரங்களை நடும் வேலையை அவர்களுக்குக் கொடுத்தது.

நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையிலும் இதே போன்ற அமைப்பு உண்டு. நியூயார்க் தோட்டக்கலைச் சங்கம் 1990களின் பிற்பகுதியிலிருந்து அங்கே 'கிரீன்ஹவுஸ்' என்ற பயிற்சியை நடத்தி வந்துள்ளது. பயிற்சி முடித்து வெளியே வருபவர்களுக்காக 'கிரீன்டீம்' என்ற தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் சம்பளத்தோடு பொது இடங்களில் தோட்டம் அமைத்தார்கள்.

பக்கத்து நாடான சிங்கப்பூரிலும் இந்த இணைப்பு இருக்கிறது. கைதிகளின் பயிற்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் 1976 முதல் ஒரு தனி வாரியம் இயங்குகிறது. 2004இல் மஞ்சள் நாடா இயக்கம் தொடங்கப்பட்டது. 2020இல் அந்த வாரியமே 'யெல்லோ ரிப்பன் சிங்கப்பூர்' எனப் பெயர் மாறியது. உள்ளே பயிற்சி தருவதும் வெளியே முதலாளியைத் தேடிக் கொடுப்பதும் அங்கே ஒரே நிறுவனத்தின் பொறுப்பு.

இந்த மூன்று ஊர்களின் அனுபவமும் ஒன்றையே காட்டுகிறது. சிறைக்குள் நடக்கும் பயிற்சிக்கு மட்டும் பணம் கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

பணம் எதற்குச் செலவாகிறது?

சிறைக்குள் நிலம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். தேவைப்படுவது பயிற்றுநரின் ஊதியம், மண்வெட்டி, கத்தரி, புல்வெட்டும் இயந்திரம், விதை, உரம், பாதுகாப்புக் காலணி, கையுறை போன்றவை. மற்றத் தொழில்களோடு ஒப்பிட்டால் இது குறைந்த செலவுதான்.

அடுத்தது சான்றிதழ். எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ், 2006ஆம் ஆண்டு தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. வகுப்பில் உட்கார்ந்து படித்தும் பெறலாம். ஏற்கனவே செய்த வேலை அனுபவத்தை ஆவணப்படுத்தி, 'பி.பி.தி.' எனப்படும் முன்னனுபவ அங்கீகார முறையிலும் பெறலாம். சிறையில் செய்த வேலையைத் தேதி, படம், பயிற்றுநர் கையொப்பத்தோடு பதிவு செய்து வைத்தால் பிறகு இது கைகொடுக்கும். எந்தச் சான்றிதழானாலும் அதில் சிறையின் பெயர் இடம்பெறாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கட்டுமானத் தளத்தில் லேண்ட்ஸ்கேப் வேலை செய்ய சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டையும் தேவை.

பாதுகாப்புப் பயிற்சியை மறக்கக் கூடாது. கையுறையோ முகமூடியோ இல்லாமல் மருந்தடித்த நம் பெண்களின் கதை தோட்டத்து மக்களுக்குத் தெரியும். அவர்கள் அடித்த பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 தொடக்கத்திலிருந்துதான் நம் நாட்டில் தடை வந்தது. மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்துப் புட்டியின் சீட்டைப் படிக்கத் தெரியாதவரைத் தெளிப்பானோடு அனுப்புவது பயிற்சி ஆகாது.

இதற்கு மேல் வருவதுதான் பெரும்பாலோர் கணக்கில் சேர்க்காத செலவு: சிறை வாசலைத் தாண்டிய பிறகு வரும் முதல் மூன்று மாதங்கள். அறை வாடகைக்கு முன்பணம், வேலையிடத்துக்குப் போகும் பஸ், ரயில் கட்டணம், காலாவதியான வாகன உரிமத்தைப் புதுப்பிக்கும் செலவு, கைப்பேசி, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு எல்லாம் இதில் வரும். தனியாகத் தொழில் செய்ய நினைப்பவருக்குச் சொந்தமாக ஓர் இயந்திரம் வேண்டும். சில நூறு ரிங்கிட்டில் புல்வெட்டும் இயந்திரம் கிடைக்கிறது. ஆனால், கையில் ஒன்றும் இல்லாமல் வருபவருக்கு அந்தச் சில நூறும் மலைதான். இந்தக் காலக்கட்டத்தில்தான் பழைய கூட்டாளிகள் தேடி வருவார்கள். அவர்கள் கையில் பணம் இருக்கும்.

பணம் எங்கிருந்து வரும்?

முதல் பொறுப்பு அரசாங்கத்துடையது. சிறைத்துறையின் ஒதுக்கீட்டுக்கு அப்பால், மனிதவள அமைச்சின்கீழ் உள்ள எச்.ஆர்.டி. கோர்ப் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், ஊழியர் சம்பளத்தில் 1 விழுக்காட்டை அதற்குப் பயிற்சி வரியாகச் செலுத்துகிறார்கள். 2024 வரவு செலவுத் திட்டத்தில், அந்த வசூலில் 15 விழுக்காடு சிறு தொழில்முனைவோருக்கும் முன்னாள் கைதிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினருக்கும் பயிற்சி தரப் பயன்படும் என அறிவிக்கப்பட்டது. மேலும், ஒரு லேண்ட்ஸ்கேப் நிறுவனம் முன்னாள் கைதியை வேலைக்கு எடுத்துவிட்டால், தான் செலுத்திய வரியைக் கொண்டே மற்ற ஊழியர்களைப் போல் அவருக்கும் பயிற்சி தரலாம்.

முதலாளிகளுக்கு வருமான வரிச் சலுகையும் வழங்கப்பட்டது. முன்னாள் கைதி, பரோலில் இருப்பவர் போன்றோரை முழுநேர வேலையில் அமர்த்தி, மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத சம்பளம் கொடுத்தால், அந்தச் சம்பளத்துக்கு இரட்டை வரிக் கழிவு உண்டு. 2019 வரி ஆண்டில் தொடங்கிய இச்சலுகை 2025 வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளுக்கான நிலையை உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதன் மதிப்பை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். மாதம் 2,000 ரிங்கிட் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 24,000. இரட்டைக் கழிவில் கூடுதலாக இன்னொரு 24,000 ரிங்கிட் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 24 விழுக்காடு வரி கட்டும் நிறுவனத்துக்கு இதனால் 5,760 ரிங்கிட் மிச்சம். நம் சமூகத்துச் சிறு முதலாளிகளில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்தியிருப்பார்கள்?

இந்தியச் சமூகத்துக்கென மித்ரா இருக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவருக்குத் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. வழி தவறும் அபாயத்தில் உள்ள இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் மைஸ்கில்ஸ் அறவாரியம் 2011 முதல் இயங்கி வருகிறது. உலு சிலாங்கூரில் உள்ள களும்பாங்கில் அதன் வளாகம் இருக்கிறது. சிறைக்குப் போன பிறகு மீட்பதைவிட, போகும் முன் தடுப்பது மலிவு என்பதற்கு இப்படிப்பட்ட இடங்களே சான்று.

ஓர் இயக்கமோ ஆலயமோ இத்தகைய திட்டத்துக்கு நிதி கேட்டாலும், நிதி கொடுத்தாலும், மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை தரப்போவது யார், பெயரோடு சொல்ல முடியுமா? முதல் மூன்று மாதச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது? ஓராண்டு கழித்து அவர் வேலையில் இருக்கிறாரா என்று யார் போய்ப் பார்ப்பார்கள்? பயிற்சித் தொடக்க விழாவும் சான்றிதழ் வழங்கும் விழாவும் மட்டும் இருக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை.

'நல்ல பிள்ளைகளுக்கே பணம் இல்லையே?'

இந்தக் கேள்வியை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஒழுங்காகப் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும் பெற்றோரும், கொள்ளையில் சங்கிலியை இழந்த பெண்ணும், 'குற்றம் செய்தவனுக்கு ஏன் உதவி?' என்று கேட்பது நியாயமே.

பதில் இரக்கத்தை மட்டும் நம்பி இல்லை. தண்டனை முடிந்தால் அவர் நம் பக்கத்து வீட்டுக்குத்தான் திரும்பி வருவார். வேலையோடு வருகிறாரா, வெறுங்கையோடு வருகிறாரா என்பதில் நம் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, சிறையில் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றவர்கள் மறுபடி குற்றத்தில் சிக்கும் சாத்தியக்கூறு 43 விழுக்காடு குறைவு என்று கண்டது. பயிற்சிக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும், மூன்றாண்டுகளில் மறுசிறைச் செலவில் 4 முதல் 5 டாலர் வரை மிச்சப்படுத்துவதாகவும் அது கணக்கிட்டது. இது அமெரிக்கக் கணக்கு. தோட்டக்கலையை மட்டும் பற்றியதும் அல்ல. ஆனாலும் பணம் எந்தப் பக்கம் மிச்சமாகும் என்பதைக் காட்டுகிறது.

இந்த வேலையின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவு. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே பலருக்குத் தொடங்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் போட்டி உண்டு. வெயிலில் நாள் முழுக்க நிற்க எல்லாராலும் முடியாது. போதைப் பழக்கம் தீராதவருக்கு முதலில் சிகிச்சைதான் தேவை. விருப்பம் இல்லாதவரைத் தோட்ட வேலையில் தள்ளினால் பயிற்றுநரின் நேரமும் வீண்.

முதல் வேலை எங்கே?

முன்னாள் கைதியைத் தங்கள் வீட்டு வளாகத்துக்குள் விட மக்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைத் திட்டிப் பயனில்லை. முதல் வேலை பொது இடத்தில் இருப்பதே நல்லது. சாலையோரம், பூங்கா, தொழிற்சாலை வளாகம், இடுகாடு, ஆலயத் திடல் ஆகிய இடங்களில் குழுவாக, ஒரு மேற்பார்வையாளரோடு வேலை செய்து ஆறு மாதம், ஓராண்டு பெயர் எடுத்த பிறகு வீட்டுக் கதவுகள் தானாகத் திறக்கும். தமிழ்ப்பள்ளித் திடல்களும் பராமரிப்புக்காகக் காத்திருக்கின்றன. ஆனால், அங்கே குற்றப் பின்னணியைச் சரிபார்த்த பிறகு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் மட்டுமே வேலை தர வேண்டும்.

கோலாலம்பூர் மாநகர் மன்றமும், 2024 பிப்ரவரியில் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த கிள்ளானும் தங்கள் குத்தகைகளில் ஒரு சிறு பங்கையாவது இத்தகைய குழுக்களுக்கு ஒதுக்கினால், சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது இங்கேயும் நடக்கும். நம் மாநகர் மன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

ஒதுக்கப்பட்டவர்கள் செடியால் எழுந்து நின்றதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு அமைக்கப்பட்டது. நோயாளிகள் குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டு அங்கே வைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் அந்தக் குடியிருப்புவாசிகள் பூச்செடிகள் வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். இன்று வீட்டுக்குச் செடி வாங்க வேண்டும் என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போவது அந்தச் சுங்கை பூலோ நர்சரிகளுக்குத்தான். கிட்டே போக அஞ்சிய இடத்துக்குத்தான் நாம் இப்போது பேரம் பேசப் போகிறோம். 1996இல் புடு சிறை மூடப்பட்டபோது கைதிகள் மாற்றப்பட்ட சிறையும் அதே சுங்கை பூலோவில்தான் இருக்கிறது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

விடுதலைத் தேதிக்குச் சில மாதங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வாகன உரிமம் ஆகியவை எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். உள்ளே என்ன பயிற்சி பெற்றார், என்ன சான்றிதழ் கிடைத்தது என்று சந்திப்பின்போது கேளுங்கள். பரோலுக்குத் தகுதி உண்டா என்பதைச் சிறை அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ விசாரியுங்கள். பரோல் மனுவில் தங்கும் இடமும் வேலையும் முக்கியம் என்பதால், வேலை தரத் தயாராக இருக்கும் ஒருவரின் கடிதம் பெரிய உதவி.

வெளியே வந்ததும் சொக்சோவில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தனியாகப் புல் வெட்டிப் பிழைப்பவருக்கும் 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காப்புறுதி உண்டு. இயந்திரத்தில் கால் வெட்டுப்பட்டால் குடும்பம் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் ஆலய நிர்வாகத்தில் இருப்பவரும், லோரியும் நாலு ஆளும் வைத்துக் குத்தகை எடுப்பவரும் இருப்பீர்கள். உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போதும்: பயிற்சி முடித்து வரும் ஒருவருக்கு மூன்று மாத வேலை. அந்த மூன்று மாதத்தில் அவர் நட்ட செடி வேர் பிடித்துவிடும், அவரும்தான்.